வீட்டிலும் பாடசாலையிலும் ஊரிலும் நல்லுணவுப் பழக்கம்: திருகோணமலையில் புதிதாகத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

திருகோணமலையில் நல்ல உணவுக்குப் பஞ்சம் இல்லை. விடியற்காலையில் கரைக்கு வரும் சூடை, கீரி மீன்களும், தம்பலகாமத்து வயல் நெல்லும், கிண்ணியா, மூதூர்ப் பக்கத்து எருமைத் தயிரும், வேலியோரம் கேட்பாரற்று வளரும் முருங்கையும் நமக்குக் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. ஆனாலும் பல வீடுகளில் காலைச் சாப்பாடு பாணும் சீனி கூடிய தேநீருமாக முடிந்துவிடுகிறது. பாடசாலை இடைவேளையில் பிள்ளையின் கையில் இருப்பது பொரித்த றோல்ஸும் நிறமூட்டிய இனிப்புப் பானமும்தான். 2022 ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு விலையேற்றமும் சேர்ந்துகொண்டதால், வயிறு நிறைந்தால் போதும் என்ற நிலைக்குப் பல குடும்பங்கள் தள்ளப்பட்டன.

தன் பிள்ளைகளின் சாப்பாட்டைச் சீர்செய்ய விரும்பும் தாய் தந்தையர், பாடசாலையில் சுகாதாரப் பொறுப்பைப் புதிதாக ஏற்றிருக்கும் ஆசிரியர், மாதர் சங்கத்திலோ சனசமூக நிலையத்திலோ இந்த வேலையைக் கையில் எடுக்க நினைப்பவர் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். இவர்கள் எல்லோரும் முதலில் ஏற்பாடு செய்ய நினைப்பது ஒரு கருத்தரங்கையோ ஒரு சுவரொட்டியையோதான். என் அனுபவத்தில் அது கடைசியில் செய்ய வேண்டியது. சட்டியில் என்ன வேகிறது, மேசையில் எது முதலில் வைக்கப்படுகிறது, சிற்றுண்டிச்சாலைக் கண்ணாடிப் பெட்டியில் எது இருக்கிறது என்பவை மாறினால் மனிதரின் உணவு மாறும். அவை மாறாதவரை எத்தனை அறிவுரை சொன்னாலும் மாறாது. ஆகவே கீழே சொல்லப்படும் ஒவ்வொரு படியிலும், எதைக் கைக்கெட்டும் இடத்தில் வைப்பது, எதைச் சற்று எட்ட வைப்பது என்ற இரண்டு கேள்விகளையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதற்படி: ஒரு கொப்பியும் மாதச் சாமான் கணக்கும்

எதையும் மாற்றுவதற்கு முன் ஒரு வாரம், வீட்டில் யார் எப்போது என்ன சாப்பிட்டார்கள் என்பதை ஒரு கொப்பியில் எழுதி வாருங்கள். மாலைத் தேநீருடன் கடித்த பிஸ்கட்டையும், கடைக்குப் போன இடத்தில் குடித்த சோடாவையும் விட்டுவிடாமல் எழுதுங்கள். யாரையும் கண்டிப்பதற்காக இதை எழுதவில்லை என்பதை வீட்டாருக்கு முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் பிள்ளைகள் மறைக்கத் தொடங்குவார்கள்.

இதைவிடத் தெளிவாக உண்மையைச் சொல்வது மாதச் சாமான் கணக்கு. வளர்ந்த ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அது ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி. ஐந்து பேர் உள்ள வீட்டில் ஒரு கிலோ உப்பு குறைந்தது 40 நாட்களுக்காவது வர வேண்டும் என்பது இதிலிருந்து கிடைக்கும் கணக்கு. கருவாடு, ஊறுகாய், பிஸ்கட், நூடில்ஸ் ஆகியவற்றின் மூலமும் உப்பு உள்ளே போவதால் அதைவிடக் கூடுதலான நாட்களுக்கு வருவதே நல்லது. சீனிக்கு அதே நிறுவனம் இரண்டு எல்லைகளைச் சொல்கிறது: வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 50 கிராமைத் தாண்டக்கூடாது, 25 கிராமுக்குள் நின்றால் மேலும் நல்லது. வீட்டில் மாதம் எத்தனை கிலோ சீனி முடிகிறது என்பதை ஆட்களின் எண்ணிக்கையாலும் 30 ஆலும் வகுத்துப் பாருங்கள். அந்த எண்ணைப் பார்த்த பிறகு வீட்டில் யாருக்கும் விளக்கம் சொல்லத் தேவை இருக்காது.

இரண்டாம் படி: கோப்பையின் கணக்கை மாற்றுதல்

நம் வழக்கத்தில் கோப்பை நிறையச் சோறும், ஓரத்தில் ஒரு கரண்டி கறியும் இருக்கும். இதைத் திருப்ப வேண்டும்: கோப்பையில் பாதி மரக்கறியும் கீரையும், கால்வாசி சோறோ புட்டோ இடியப்பமோ, மீதிக் கால்வாசி மீன், முட்டை, பருப்பு, பயறு போன்றவை. இதற்கு எளிய வழி பரிமாறும் ஒழுங்கை மாற்றுவதுதான். முதலில் கீரையையும் மரக்கறியையும் கோப்பையில் போட்டுவிட்டு, எஞ்சிய இடத்தில் சோற்றைப் போடுங்கள். அரிசியில், தவிடு முழுதும் நீக்கப்படாத சிவப்புப் புழுங்கல் அரிசியைத் தேர்ந்தெடுத்தால் நார்ச்சத்தும் உயிர்ச்சத்து பி வகைகளும் கூடுதலாகக் கிடைக்கும். சிறிது சாப்பிட்டாலும் பசி தாங்கும்.

காலைச் சாப்பாட்டில்தான் பெரிய மாற்றம் தேவை. சீனன்குடாவில் மா ஆலையை வைத்திருக்கும் இந்த ஊரில் கோதுமை மா புட்டு, இடியப்பம், றொட்டி, பாண் என்று எல்லாவற்றிலும் புகுந்துவிட்டதில் வியப்பில்லை. அதை ஒரேயடியாக நிறுத்தினால் வீட்டில் எதிர்ப்பு வரும். முதல் வாரத்தில் கோதுமை மாவில் பாதியைக் குறைத்து, வறுத்த சிவப்பரிசி மாவைச் சேர்த்துப் புட்டு அவியுங்கள். அடுத்த வாரம் முழுவதும் சிவப்பரிசி மா. அதன் பிறகு மூன்று பிடி அரிசி மாவுக்கு ஒரு பிடி குரக்கன் மா என்ற அளவில் சேருங்கள். குரக்கன் மா தண்ணீரைக் கூடுதலாக இழுக்கும். ஆகவே கொதிநீரைச் சிறிது சிறிதாகத் தெளித்து, பிடித்தால் பிடிபட்டு உதிர்த்தால் உதிரும் பதத்தில் குழைத்து, சற்று நேரம் மூடி வைத்த பிறகு கொத்தி அவித்தால் புட்டு வறண்டு போகாது. அதனுடன் அவித்த பயறோ, ஒரு மீன் குழம்போ, கீரைச் சுண்டலோ இருந்தால் அது முழுமையான காலைச் சாப்பாடு.

கீரைச் சுண்டலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பிள்ளைகள் கீரையை வெறுப்பதற்குப் பெரும்பாலும் அதை நாம் சமைக்கும் விதமே காரணம். நீண்ட நேரம் வேகவிட்ட கீரை கறுத்து, சளிபோல் ஆகி, கைத்துப் போகிறது. பொன்னாங்காணியையோ முருங்கை இலையையோ வல்லாரையையோ முதலில் கழுவி, நீரை நன்றாக வடியவிட்டு, அதன் பிறகு மெல்லியதாக அரியுங்கள். அரிந்த பின் கழுவினால் சத்து நீருடன் போய்விடும். சட்டியில் சின்ன வெங்காயத்தையும் பச்சை மிளகாயையும் சிறிது வதக்கி, கீரையைப் போட்டு, கூடிய நெருப்பில் இரண்டு மூன்று நிமிடம் மட்டும் கிளறுங்கள். நிறம் இன்னும் பச்சையாக இருக்கும்போதே துருவிய தேங்காயையும் உப்பையும் சேர்த்து இறக்கி, சூடு சற்றுத் தணிந்ததும் தேசிக்காய்ச் சாற்றைப் பிழியுங்கள். தேசிக்காயில் உள்ள உயிர்ச்சத்து சி, கீரையிலுள்ள இரும்புச்சத்தை உடல் உறிஞ்ச உதவுகிறது. தேநீர் அதற்கு நேர்மாறான வேலையைச் செய்யும். ஆகவே சாப்பிட்ட கையோடு தேநீர் குடிக்கும் பழக்கத்தை விட்டு, ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். மாதவிடாய்ப் பருவத்துப் பெண் பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் உள்ள வீட்டில் இந்த ஒன்றை மட்டும் கடைப்பிடித்தாலும் பெரிய நன்மை உண்டு.

மீன் வாங்கும்போது பெரிய மீன்தான் சத்துள்ளது என்ற எண்ணத்தை விடுங்கள். சூடை, கீரி, சாளை, நெத்தலி ஆகியவை விலை குறைந்தவை. நெத்தலியை முள்ளோடு உண்பதாலும், சூடையையும் கீரியையும் புளி கூட்டி மண்சட்டியில் மெல்லிய நெருப்பில் முள் இளகும்வரை வேகவிட்டால் முள்ளோடு உண்ணலாம் என்பதாலும் சுண்ணாம்புச் சத்தும் கிடைக்கிறது. சூடை, சாளை போன்றவற்றில் இதயத்துக்கு நல்ல கொழுப்பும் உண்டு. வாடைக்காற்று வீசும் கார்த்திகை, மார்கழி மாதங்களில் கடல் கொந்தளித்து மீன் குறையும்போது, அந்த இடத்தைக் கருவாட்டால் மட்டும் நிரப்பிவிடாமல் முட்டை, பயறு, கௌபி, கடலை, உழுந்து ஆகியவற்றால் நிரப்பத் திட்டமிடுங்கள். கருவாடு சமைத்தால் சுடுநீரில் ஊறவைத்து, அந்த நீரை ஊற்றிவிட்டு, கறிக்கு வேறு உப்புச் சேர்க்காமல் சமையுங்கள்.

சொதிக்கு இரண்டாம் பால் போதும். பொரித்த எண்ணெயை மறுபடி மறுபடி சூடாக்க வேண்டாம். தேநீரின் சீனியை ஒரே நாளில் நிறுத்தச் சொல்லாமல், இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை அரைத் தேக்கரண்டி வீதம் குறைத்து வந்தால் நாக்கு பழகிவிடும். இலங்கையில் 1995 முதல் உப்பில் அயடீன் சேர்ப்பது சட்டமாக்கப்பட்டிருக்கிறது. அந்த அயடீன் வீணாகாமல் இருக்க, உப்பை மூடியுள்ள போத்தலில் அடுப்புக்கு எட்ட வைத்து, கறி இறக்கும் நேரத்தில் சேருங்கள்.

கைக்குழந்தை உள்ள வீட்டாருக்கு: ஆறு மாதம் நிறையும்வரை தாய்ப்பால் மட்டும் கொடுக்க வேண்டும், அதன் பின் நன்றாக மசித்த சோற்றில் தொடங்கி, பருப்பு, கீரை, முள் நீக்கிய மீன், முட்டை என்று ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம். ஒரு வயது நிறையும்வரை சீனியும் உப்பும் சேர்க்க வேண்டாம். தேன் கொடுக்கவே வேண்டாம். உங்கள் பகுதிக் குடும்பநல மாது வீட்டுக்கு வரும்போது பிள்ளையின் வளர்ச்சிப் பதிவேட்டை எடுத்துக் காட்டி, நிறை குறைந்திருந்தால் காரணத்தைக் கேட்டறியுங்கள். 1973 முதல் வழங்கப்பட்டு வரும் திரிபோஷா என்ற சத்துமா, கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் நிறை குறைந்த சிறு பிள்ளைகளுக்கும் உரியது. அதை வீட்டார் எல்லோரும் பங்கிட்டுச் சாப்பிட்டால் உரியவருக்குப் பயன் கிடைக்காது.

மூன்றாம் படி: கடையும் வீட்டுத் தோட்டமும்

குளிர்பானப் போத்தல்களில் சீனியின் அளவைக் காட்டும் நிறக் குறியீடு 2016 இல் இலங்கையில் நடைமுறைக்கு வந்தது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2 கிராமுக்கும் 11 கிராமுக்கும் இடைப்பட்டால் செம்மஞ்சள், 2 கிராமுக்குக் குறைந்தால் பச்சை. பிற்பாடு பொதிசெய்த திண்ம உணவுகளுக்கும் சீனி, உப்பு, கொழுப்பு மூன்றையும் காட்டும் குறியீடு வந்தது. செம்மஞ்சளைப் பார்த்து ஆறுதல் அடைந்துவிடக் கூடாது. 100 மில்லிலீற்றருக்கு 10 கிராம் சீனியுள்ள பானத்தில் 400 மில்லிலீற்றர் குடித்தால் 40 கிராம், அதாவது ஏறத்தாழ எட்டுத் தேக்கரண்டி சீனி உள்ளே போகிறது. பிள்ளையைக் கடைக்கு அழைத்துப் போகும்போது இந்த நிறங்களைத் தேடிப் படிக்கும் வேலையை அதனிடமே விடுங்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகிய பிள்ளை இதை ஆர்வத்தோடு செய்யும்.

வீட்டுத் தோட்டத்தை மழையோடு தொடங்குவதே இந்த ஊருக்குப் பொருந்தும். ஐப்பசி மழைக்கு முன் மண்ணைப் பண்படுத்தி, வெண்டி, கத்தரி, பயற்றை, முளைக்கீரை ஆகியவற்றைப் போடலாம். முருங்கை, அகத்தி, பப்பாசி, தேசி ஆகியவை ஒருமுறை வேரூன்றிவிட்டால் ஆண்டுக்கணக்கில் பலன் தரும். உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்து மணல் நிலத்தில் நீரும் சத்தும் நிற்பதில்லை என்பதால், குழியில் இலைகுழையும் மாட்டெருவும் தேங்காய்ப் பொச்சும் இட்ட பிறகே நட வேண்டும். இடமில்லாதவர்கள் பழைய உர பைகளில் மண் நிரப்பி மிளகாயும் கீரையும் வளர்க்கலாம். நகரப் பகுதியில் இருப்பவர்கள் மான்களை மறந்துவிடக் கூடாது. கோட்டைப் பக்கமிருந்து தெருக்களில் உலாவும் புள்ளிமான்கள் இரவோடிரவாக ஒரு பாத்தி கீரையை மேய்ந்துவிடும். ஆகவே ஆள் மார்பளவு உயரத்துக்காவது வேலியோ வலையோ அடைத்துவிட்டு விதைபோடுங்கள், அல்லது பைகளை மொட்டைமாடிக்கு ஏற்றிவிடுங்கள்.

நான்காம் படி: பாடசாலை

காலை 7.30க்குப் பாடசாலை தொடங்குவதால் கணிசமான பிள்ளைகள் வெறும் தேநீரோடு வந்துவிடுகிறார்கள். இடைவேளை வரும்போது அவர்களுக்கு இருப்பது கடும் பசி. பசித்தவர் முன்னால் இருப்பதைத்தான் உண்பார். எனவே பாடசாலையில் மாற வேண்டிய முதல் இடம் சிற்றுண்டிச்சாலை. அங்கு எதை விற்கலாம், எதை விற்கக் கூடாது என்பதற்குக் கல்வி அமைச்சின் சுற்றறிக்கை இருக்கிறது. அதன் பிரதி அதிபரிடம் இருக்கும். புதிய ஆசிரியர் அதைப் படித்துவிட்டுத்தான் பேசத் தொடங்க வேண்டும்.

அடுத்து, ஓர் இடைவேளை முழுவதும் சிற்றுண்டிச்சாலை அருகே நின்று, எது எத்தனை விற்கிறது, எது மிஞ்சுகிறது, எந்த விலைக்கு மேல் பிள்ளைகள் திரும்பிப் போகிறார்கள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னர் சிற்றுண்டிச்சாலை நடத்துபவருடன் அமர்ந்து பேசுங்கள். அவரும் குத்தகைப் பணம் கட்டி, அன்றாட வருமானத்தில் வாழும் ஒருவர். றோல்ஸை நிறுத்தச் சொல்லும் நாம் அதற்கு ஈடாக விற்கக்கூடிய ஒன்றைக் காட்டாவிட்டால், அவர் நமக்கு முன்னால் தலையசைத்துவிட்டு மறுநாள் பழையதையே வைப்பார். அவித்த கடலை, தேங்காய்ப்பூச் சேர்த்த பயறு, குரக்கன் றொட்டியும் சம்பலும், இலைக்கஞ்சி, முட்டை, வாழைப்பழம், துண்டாக்கிய கொய்யாவும் பப்பாசியும் ஆகியவை இடைவேளை நெரிசலில் கையில் வாங்கிக்கொண்டு போகக்கூடியவை. முதல் மாதத்தில் இவற்றில் இரண்டை மட்டும் அறிமுகப்படுத்துங்கள். கடலையைச் சின்னக் கடதாசிச் சுருளில் இட்டு, றோல்ஸை விடக் குறைந்த விலைக்கு, கண்ணாடிப் பெட்டியின் முன்வரிசையில் வைக்கச் சொல்லுங்கள்; அது மிஞ்சினால் ஏற்படும் இழப்பை முதல் இரண்டு வாரத்துக்குப் பாடசாலை அபிவிருத்திச் சங்கம் ஏற்றுக்கொள்ளுமாறு ஒரு தீர்மானம் எடுத்துவிட்டால் அவருக்கும் துணிவு வரும்.

குடிநீரைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. எனக்கோ இதுவே முதன்மையாகப் படுகிறது. திருகோணமலை வெயிலில் விளையாடிவிட்டு வரும் பிள்ளைக்கு, சுத்தமான தண்ணீர் வரும் குழாய் வகுப்பறைக்கு அருகில் இல்லையென்றால், இனிப்புப் பானத்தைத்தான் தேடும். வடிகட்டியும் குழாயும் பொருத்துவதற்குப் பழைய மாணவர் சங்கத்திடம் கேளுங்கள். மேடை அலங்காரத்துக்குச் செலவிடும் பணத்தைவிட இதற்கு அதிகம் செலவாகாது. நீர்ப் பரிசோதனைக்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை அணுகலாம். படலைக்கு வெளியே திறந்த தட்டில் விற்கும் வண்டிக்காரர்களைப் பற்றியும் அவருடன்தான் பேச வேண்டும்.

ஆரம்பப் பிரிவுக்கு வழங்கப்படும் பாடசாலை உணவைப் பெற்றோர் முறை வைத்துச் சமைக்கும் இடங்களில், ஆசிரியரும் அதே உணவைப் பிள்ளைகளோடு அமர்ந்து உண்பது எந்தப் பாடத்தையும் விட நன்றாக வேலைசெய்யும். பிறந்தநாளுக்கு வகுப்பில் டொபியும் கேக்கும் பகிர்வதற்குப் பதிலாக, ஒரு சீப்பு வாழைப்பழமோ வகுப்பு நூலகத்துக்கு ஒரு புத்தகமோ கொண்டுவரும் வழக்கத்தை ஆண்டின் முதல் பெற்றோர் கூட்டத்திலேயே ஏற்படுத்திவிடுங்கள்.

ஒன்றைச் செய்யவே கூடாது. பிள்ளையின் சாப்பாட்டுப் பெட்டியை வகுப்பின் முன் திறந்துகாட்டி, இது நல்லது, அது கூடாது என்று சொல்லாதீர்கள். வெறும் பாணும் சம்பலும் கொண்டுவரும் பிள்ளையின் வீட்டில் அன்று அதுதான் இருந்திருக்கும். எல்லோர் முன்னிலையிலும் நிறை பார்த்து எண்ணைச் சத்தமாக வாசிப்பதும் அதே அளவுக்குப் புண்படுத்தும். கவலைப்பட வேண்டிய பிள்ளை இருந்தால் தாயையோ தந்தையையோ தனியாக அழைத்துப் பேசுங்கள்.

ஐந்தாம் படி: ஊர்

ஊரில் தொடங்குவதற்குப் புதிய கூட்டம் எதுவும் கூட்ட வேண்டியதில்லை. மக்கள் ஏற்கெனவே கூடிச் சாப்பிடும் இடங்களே போதும். கோயில் அன்னதானத்தில் சிவப்பரிசிச் சோறும் ஒரு கீரையும் கூடுதலாக ஒரு மரக்கறியும் இடம்பெறுமாறு பரிபாலன சபையிடம் கேட்கலாம். தேர்த் திருவிழாத் தண்ணீர்ப் பந்தலில் நிறச் சர்பத்துக்குப் பதிலாக மோரும் தேசிக்காய்த் தண்ணீரும் வைக்கலாம். கிண்ணியாவிலும் மூதூரிலும் பள்ளிவாசல்களில் காய்ச்சும் நோன்புக் கஞ்சி ஏற்கெனவே நல்ல உணவு. நோன்பு திறக்கும்போது அதனுடன் வரும் பொரித்த பலகாரத்தில் ஒரு பங்கைப் பழமாக மாற்றுமாறு நிர்வாகத்தினரிடம் கேட்டுப் பார்க்கலாம். சங்கக் கூட்டங்களில் பற்றிஸுக்குப் பதிலாக அவித்த கடலையையும், சீனி கலந்த தேநீருக்குப் பதிலாகச் சீனியைத் தனியே வைத்த தேநீரையும் பரிமாறுவது செலவையும் குறைக்கும். மரண வீட்டிலும் கலியாண வீட்டிலும் சீனியைத் தனியே வைத்தால் நீரிழிவு உள்ள பெரியவர்கள் வாய்விட்டுக் கேட்கும் சங்கடம் இருக்காது.

மாதர் சங்கம் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள காரியம், பேச்சாளரை அழைப்பதற்குப் பதிலாக ஓர் உறுப்பினரின் முற்றத்தில் அடுப்பை மூட்டிச் சமைத்துக் காட்டுவதுதான். அன்றைய சந்தையில் விலை குறைந்த மரக்கறியையும் மீனையும் வாங்கி, செலவை ஒரு தாளில் எழுதி வைத்து, எல்லோரும் சேர்ந்து சமைத்து, உண்டு பார்த்துவிட்டுப் போகட்டும். மாமியாரையும் அழைக்க மறக்காதீர்கள். பல வீடுகளில் சமையலின் கடைசிச் சொல் அவருடையது. வடக்கில் விவசாயத் திணைக்களத்தின் ஏற்பாட்டில் பெண்கள் நடத்தும் அம்மாச்சி உணவகங்களைப் போல, கைதேர்ந்த நான்கைந்து பேர் சேர்ந்து காலையில் குரக்கன் புட்டும் இலைக்கஞ்சியும் விற்கத் தொடங்கினால், சமைக்க நேரமில்லாமல் வேலைக்குப் போவோருக்கும் நல்ல உணவு கைக்கெட்டும்.

35 வயதைத் தாண்டியவர்களை, அரசாங்க மருத்துவமனைகளில் இயங்கும் ஆரோக்கிய வாழ்வு நிலையத்துக்கு அழைத்துப் போங்கள். குருதி அழுத்தம், குருதியில் சீனி, உடல் நிறை முதலியவற்றை அங்கு இலவசமாகப் பார்த்துக்கொள்ளலாம். நீரிழிவோ சிறுநீரக நோயோ ஏற்கெனவே உள்ளவர்கள், மேலே சொன்னவற்றைத் தாமாகப் பின்பற்றாமல் தமது வைத்தியரைக் கேட்டே உணவை மாற்ற வேண்டும். சிறுநீரக நோயாளிகளில் சிலருக்குக் கீரையும் பழமும் பருப்பும்கூட அளவோடுதான்.

மூன்று மாதம் கழிந்ததும், முதல் வாரத்தில் எழுதிய கொப்பியை எடுத்து, அதே முறையில் இன்னொரு வாரம் எழுதுங்கள். உப்பும் சீனியும் எத்தனை நாட்களுக்கு வந்தன என்று பாருங்கள். சிற்றுண்டிச்சாலையில் கடலை எத்தனை சுருள் விற்றது என்று நடத்துபவரிடம் கேளுங்கள். எது நின்றுவிட்டதோ அதை விட்டுவிட்டு, எது நிலைத்ததோ அதனுடன் இன்னும் ஒன்றைச் சேருங்கள். சிற்றுண்டிச்சாலைக் குத்தகை வேறொருவருக்கு மாறும் காலத்தில்தான் பெரும்பாலும் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்புகிறது. ஆகவே விற்க வேண்டியவை, விற்கக் கூடாதவை இரண்டையும் குத்தகை ஒப்பந்தத்திலேயே எழுதிக் கையொப்பம் வாங்குமாறு அதிபரையும் அபிவிருத்திச் சங்கத்தையும் அடுத்த குத்தகைக்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.